வரோம்னு சொல்லிட்டேன்

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிளம்பும்போது கிளம்புகிறேன் என்று சொல்லவே மாட்டார்கள். செருப்பை மாட்டி, வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி நின்றுகொண்டு "அப்ப நான் வரேன்" என்பார்கள். எங்கே வருகிறீர்கள்? போய்க்கொண்டுதானே இருக்கிறீர்கள்? யாரும் இதைக் கேட்பதில்லை. என் தங்கை மகளும் கேட்க மாட்டாள். ஆனால் நம்பிவிடுவாள். அதுதான் வம்பு.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மேனேஜர். பதிமூன்று வயது, உயரத்தில் அம்மாவைத் தாண்டிவிட்டாள். பிறந்ததிலிருந்தே அவள் உலகம் வேறு மாதிரி. பேச்சு குறைவு, ஒரு வார்த்தை, மிஞ்சினால் இரண்டு. ஆனால் வீட்டில் ஒரு செருப்பு கோணலாகக் கிடக்க விடமாட்டாள். கப்புகளின் கைப்பிடி எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். கதவு திறந்திருக்கலாம் அல்லது மூடியிருக்கலாம், பாதியில் நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பெட்ஷீட் மாற்றியே ஆக வேண்டும். தப்புச் செய்தவர் யாராக இருந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சரிசெய்ய வைப்பாள். சம்பளம் வாங்காத மேனேஜர்.

யாராவது "வரேன்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். அழ மாட்டாள், கத்த மாட்டாள். சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம், சொன்ன ஆள் வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அப்பா ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு "வரேண்டா கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு ஆரம்பித்தது இது. அவனைப் பற்றி இந்தக் கதையில் இவ்வளவு போதும். மேற்கொண்டு பேசினால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

ஒரு தடவை மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆள் போகிற போக்கில் "வரேம்மா" என்றுவிட்டார். மேனேஜர் வாசலில் அமர்ந்தாள். என் தங்கை தெருத் தெருவாக ஓடி, யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே குனிந்து நின்றவரைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"நான் என்னம்மா தப்புப் பண்ணேன்? ரீடிங் சரியாத்தானே எடுத்தேன்?"

"தப்பே இல்லைங்க. ஒரு தடவை உள்ள வந்துட்டு, போறேன்னு சொல்லிட்டுப் போயிடுங்க."

"போறேன்னா? ஒரு வீட்டு வாசல்ல நின்னு அப்படிச் சொல்லலாமாம்மா?"

அந்த மனிதர் நெளிந்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில் யாருக்கும் கேட்காத குரலில் "போறேன்" என்றார். மேனேஜர் "சரி" என்றாள். அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

அதிலிருந்து அந்த வீட்டில் சட்டம் அது. வருகிறவர்கள் எல்லாரும் திரும்பும்போது போறேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாள் முதல் தடவை சொல்லிவிட்டு வாயில் அடித்துக்கொண்டாள். எனக்கும் நாக்குச் சுளுக்கும். ஏனென்றால் என் பிழைப்பே "வரோம்" என்று சொல்வதில்தான் இருக்கிறது.

நானும் என் வீட்டுக்காரரும் வீடு மாற்றிக் கொடுக்கிற தொழில் செய்கிறோம். சொந்தமாக ஒரு லாரி. அவர் தூக்குவார், நான் கத்துவேன். இரண்டும் இல்லாமல் ஒரு பீரோ மாடியிலிருந்து இறங்காது. கடைசிச் சாமானையும் இறக்கி வைத்து, கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, புது வீட்டு வாசலில் நின்று "அப்ப வரோம், நல்லா இருங்க" என்று சொல்வேன். அதைச் சொன்னால்தான் எனக்கு வேலை முடிந்த மாதிரி. குடிவந்த வீட்டில் நின்று போறோம் என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த வேலைக்கு ஒருவர் கூப்பிடுவாரா?

தங்கைக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. மேனேஜருக்குத் தூக்கம் கோழித் தூக்கம். ஒரு விடிகாலை தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி, எல்லார் வீட்டுக் கேட்டையும் ஒழுங்காகச் சாத்திக்கொண்டே போயிருக்கிறாள். பால் வண்டிக்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தாள். அதன் பிறகு தங்கை படுப்பதையே விட்டுவிட்டாள். வேலையில் நின்றபடியே கண் அயர்ந்து, சூடான தட்டின்மேல் கையை வைத்துவிட்டாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"போதும்டி. ஒரு ஆள் செய்யற வேலையா இது?"

"அதுக்காக? பெத்த பிள்ளையைக் கொண்டுபோய் எங்கேயோ விட்டுடறதா?"

"விடறதில்லைடி, சேர்க்கறது. பள்ளிக்கூடத்துல விட்டோம்னா சொல்றோம்? சேர்த்தோம்னுதானே சொல்றோம்!"

இப்படிச் சண்டை போட்டே அவளைக் கரைத்தேன். ஊரின் மறுகோடியில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே ஓர் இல்லம் கிடைத்தது. பெரிய தோட்டம், கொஞ்சம் பிள்ளைகள், ராத்திரி முறை வைத்துக் கண்விழிக்க ஆட்கள். மேனேஜர் இரண்டொரு மத்தியானம் போய்ப் பார்த்தாள், அங்கே இருந்த செருப்புகளை எல்லாம் வரிசையாக அடுக்கினாள், அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு நாள் தங்கிப் பார்க்கட்டும் என்றார்கள். தங்கினாள். அன்றைக்குப் பாட்டுச் சொல்லித்தர வந்த ஒரு நல்ல மனுஷி போகும்போது கன்னத்தைத் தட்டி "வரேண்டா செல்லம்" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். மறுநாள் நாங்கள் போய்க் கூட்டிவரும்வரை பிள்ளை வாசலில்தான். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

இல்லத்தின் பொறுப்பாளர் கண்ணாடி போட்ட, தணிந்து பேசுகிற அம்மாள். எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "எங்களுக்கு அவளை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா சாப்பிடாம தூங்காம வாசல்லயே இருந்தா நாங்க எப்படிப் பார்த்துக்கறது? சேர்ற அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா, இது அவளுக்கான இடம் இல்லைன்னுதான் அர்த்தம். மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா சொல்லணும் இல்லையா?"

வேறு இடமா? தங்கை ஏறி இறங்காத படி இல்லை. இது ஒன்றுதான் பாக்கி. இது போனால் மறுபடி அந்தத் தாழ்ப்பாள், அந்தப் பால் வண்டி, அந்தச் சூடான தட்டு. எல்லாம் ஒரே ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

விடுவேனா நான்? சேரும் நாளுக்கு முன்னால் நானே இல்லத்துக்குப் போய், அங்கே வேலை செய்கிறவர்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்துப் பாடம் நடத்தினேன். சமையல்காரர் ஒருவர்தான் சிக்கல். ஆள் மலை மாதிரி, பயந்த சுபாவம்.

"சொல்லுங்க, போறேன்."

"அது... நான் கிச்சனுக்கு."

"கிச்சனுக்கு என்ன?"

"கிச்சன்ல வேலை இருக்கு."

"அண்ணே, போறேன்னு ஒரு வார்த்தை! அதைச் சொன்னா உயிரா போயிடும்?"

"அதுக்குத்தாம்மா பயப்படறேன்!"

கரடியாகக் கத்தியும் அவர் வாயிலிருந்து அது வரவில்லை. கடைசியில், எங்கே கிளம்பினாலும் வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகட்டும் என்று சமாதானத்துக்கு வந்தோம்.

வீட்டில் தங்கையும் பழகிக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பும்போது தினமும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் பிள்ளையைச் சேர்த்துவிட்டு அந்த வாசலில் நின்று சொல்வது வேறு அல்லவா? பாத்திரம் கழுவிக்கொண்டே "அம்மா போறேன்" என்பாள், குரல் உடையும். குழாயை மூடிவிட்டு மறுபடி சொல்லிப் பார்ப்பாள். நான் கூடத்தில் உட்கார்ந்து காதில் விழாதவள் மாதிரி கயிற்றில் முடிச்சு போட்டுக்கொண்டிருந்தேன்.

சேரும் நாளும் வந்தது. எங்கள் தொழிலில் எத்தனையோ வீடு மாற்றியிருக்கிறோம், ஆனால் ஓர் அறையை அப்படியே பெயர்த்து இன்னோர் இடத்தில் வைத்ததில்லை. மேனேஜருக்கு எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். கட்டில், தலையணை, பச்சைப் போர்வை, ஒரு கால் குட்டையான ஸ்டூல், அந்தக் காலுக்கு அடியில் வைக்கிற அட்டை உட்பட. ஒரு மர அலமாரி, அதன் கதவைத் திறந்தால் "கிறீச்" என்று ஊரே கூடும்.

என் வீட்டுக்காரருக்கு இரக்க குணம் அதிகம். அலமாரியைப் போர்வையில் சுற்றுவதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து சின்ன எண்ணெய் டப்பாவை எடுத்தார். தங்கை அடுப்பங்கரையிலிருந்து பாய்ந்து வந்தாள்.

"அத்தான்! எண்ணெய் போட்டுடாதீங்க! அந்தச் சத்தம் இல்லேன்னா அது அவ அலமாரியே இல்ல!"

அவர் டப்பாவைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். மேனேஜர் அதோடு விடவில்லை. அவர் கையைப் பிடித்து, டப்பாவை வெளியே எடுக்கவைத்து, தெருவோரம் இருந்த குப்பைத் தொட்டிவரை கூட்டிப்போய்ப் போடவைத்தாள். அப்புறம் லாரிப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சாமானும் ஏறுவதைப் பார்த்து "சரி", "சரி" என்றாள். கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும், அது எங்கள் கணக்கு. அதனால் கட்டிலைக் கடைசியில் ஏற்றினோம். முன் சீட்டில் எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, வழி முழுக்கக் பக்கக் கண்ணாடியில் தெரிந்த கட்டில் காலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தங்கை அவள் கையை விடவே இல்லை.

இல்லத்தில் எல்லாரும் வாசலுக்கே வந்து நின்றார்கள். சக்கர நாற்காலியில் ஒரு குட்டிப் பெண், எல்லாரும் சிட்டு என்று கூப்பிடுகிறார்கள், லாரியைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு சாமான் இறங்கும்போதும் கைதட்டினாள். ஸ்டூலுக்குக்கூடத் தட்டினாள். என் வீட்டுக்காரருக்கு இத்தனை வருஷத் தொழிலில் யாரும் கைதட்டியதில்லை, மனிதர் அலமாரியைத் தனியாளாக முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் "மெதுவா, மெதுவா, இடுப்பு போயிடும்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

அறை அமைந்தது. ஜன்னலுக்குக் கீழே கட்டில், கால்மாட்டில் ஸ்டூல், குட்டைக் காலுக்கு அட்டை. மேனேஜர் அலமாரிக் கதவைத் திறந்தாள். கிறீச். மூடினாள். கிறீச். அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. கட்டிலில் ஏறி உட்கார்ந்து, போர்வையை இழுத்துச் சரிசெய்து, "சரி" என்றாள்.

பொறுப்பாளர் அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இனிமேல்தான் பரீட்சை.

தங்கை அவள் முன்னால் போய் நின்றாள். கட்டுப் போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா போறேன்."

உடையவில்லை குரல். எனக்கே நம்ப முடியவில்லை. மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. போ," என்றாள். தங்கை விறுவிறு என்று வெளியே நடந்து, லாரிக்கு அந்தப் பக்கம் யாரும் பார்க்காத இடத்தில் போய் நின்றுகொண்டாள். அடுத்து என் வீட்டுக்காரர், "பெரியப்பா போறேன்." அதற்கும் ஒரு "சரி" கிடைத்தது. அவர் போய் இஞ்சினைக் கிளப்பினார். சமையல்காரர் கையை ஆட்டிவிட்டு நழுவினார்.

எல்லாம் முடிந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கயிற்றைச் சுருட்டினேன். தோளில் போட்டேன். போர்வைகளை மடித்துக் கக்கத்தில் இடுக்கினேன். அறை வாசலில் திரும்பி நின்று, வயிறு குளிர்ந்து, வாய் நிறையச் சொன்னேன்:

"அப்ப வரோம், நல்லா இருங்க!"

கூடத்தில் எல்லாரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். சிட்டுகூடக் கைதட்டவில்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள், சமையல்காரரை அழவைக்காத குறையாகப் படுத்தியவள், நானே, என் வாயாலேயே! மேனேஜர் கட்டிலைவிட்டு இறங்கினாள். என்னைத் தாண்டி நடந்தாள். வெளிவாசலுக்குப் போனாள். படியில் உட்கார்ந்தாள். கேட்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பொறுப்பாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லாரிக்குப் பின்னாலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். படியில் பிள்ளை உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாருக்கா சொன்னது?"

என் முகமே சொல்லியிருக்கும்.

"நீயாக்கா? நீயா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் அப்படியே லாரிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு என்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன செய்யலாம்? சொன்னது சொன்னதுதான். வரோம் என்று சொல்லியாயிற்று. அப்படியென்றால் வரவேண்டியதுதான்! இதற்குப் போய் ஏன் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறேன்?

கயிறும் போர்வையுமாகக் கேட்டைத் தாண்டினேன். லாரியை ஒரு சுற்று சுற்றினேன். திரும்பி வந்து படிக்கு முன்னால் நின்று, "வந்துட்டேன்!" என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ தேடினாள்.

"பெரியப்பா?" என்றாள்.

அட, ஆமாம்! நான் சொன்னது வரேன் இல்லை, வரோம். மேனேஜரிடம் கணக்கு தப்புமா? திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் நடந்தது ஒன்றும் தெரியாமல் லாரியைத் திருப்ப மெல்ல நகர்த்திக்கொண்டிருக்கிறார். சாய்ந்து நின்ற தங்கை தடுமாறி ஒதுங்கினாள். "நிறுத்துங்க! ஏய்! நிறுத்துய்யா!" என்று நான் போர்வைகளை வீசிவிட்டுத் தெருவில் ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது. சிட்டு கேட்டுக்குள்ளிருந்து கைதட்டியது எனக்குக் கேட்டது. கதவைத் திறந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னடி ஆச்சு?"

"பேசாம இறங்கி வாங்க! நாம இப்ப வரணும்!"

"எங்க?"

"உள்ளதான்!"

இருவரும் மூச்சிரைக்கப் படிக்கு முன்னால் போய் நின்றோம். "வந்துட்டோம்," என்றேன். மேனேஜர் என்னைத் தொட்டுப் பார்த்தாள். அவரைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"சரி," என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. இந்தத் தடவை நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, "போ-றோம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். இடமும் வலமுமாக.

"வரோம்," என்றாள்.

"என்னடா?"

"வரோம் சொல்லு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர்தான் முதலில் சொன்னார், "வரோம்டா." லாரியைச் சுற்றினோம், வந்தோம். மேனேஜர் சிரித்தாள். புன்னகை இல்லை, வாய்விட்டுச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! "இன்னொண்ணு," என்றாள். மறுபடி சுற்றினோம். சிட்டு "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கூச்சல் போட்டாள். சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா, இப்ப அந்த வார்த்தையைச் சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லுங்கண்ணே!"

"அப்பாடா! வரேன்! வரேன்டாம்மா! வரேன்!" என்று அந்த மலை போன்ற மனிதர் கேட்டுவரை போய்த் திரும்பிவந்தார். ராத்திரி கண்விழிக்கிற பெண்கள் வந்தார்கள். பொறுப்பாளர் அம்மாள்கூடக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன்" என்று புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். ஒவ்வொருவர் வரும்போதும் மேனேஜர் அவர்களைத் தொட்டுப் பார்த்து "சரி" போட்டாள்.

கடைசியில் தங்கை ஒருத்திதான் பாக்கி. அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அம்மா," என்றாள் மேனேஜர்.

புருஷன் போனதிலிருந்து "வரேன்" என்ற வார்த்தையைத் தங்கை தன் வாயால் சொன்னதே இல்லை. எனக்குத் தெரியும். வெளியே வேறு யாரிடமும்கூடச் சொல்ல மாட்டாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"அம்மா... வரேன்."

லாரியை மெதுவாகத்தான் சுற்றினாள். அந்தப் பக்கம் மறைந்ததும் மேனேஜர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் படியின் விளிம்புக்கு வந்தாள். கேட்டையே பார்த்தாள். தங்கை இந்தப் பக்கம் தெரிந்தாள், உள்ளே வந்தாள், படி ஏறினாள். மேனேஜர் அவளைக் கையில் தொடவில்லை. முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "வந்துட்ட," என்றாள். தங்கை அழுதாள், நானும் அழுதேன், என் வீட்டுக்காரர் கண்ணில் தூசி என்றார். யார் நம்பினார்கள்?

ஆனால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எப்படியும் கிளம்பத்தானே வேண்டும்? லாரியைச் சுற்றிக்கொண்டே குடியிருக்க முடியுமா? தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி "வரேன்" என்றாள். ஆனால் நகரவில்லை. மேனேஜர் காத்திருந்தாள். அப்புறம் இதுவரை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"எப்ப?"

இத்தனை வருஷமாக வாசலில் உட்கார்ந்த பிள்ளை ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு எங்களிடம் பதில் இருந்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை," என்றாள் தங்கை. "ஞாயித்துக்கிழமை வரேன்."

மேனேஜர் யோசித்தாள். "பெட்ஷீட்?"

"ஆமாடா, ஆமா. பெட்ஷீட் மாத்தற அன்னைக்கு!"

"சரி," என்றாள் மேனேஜர். எங்கள் மூவரையும் படிக்குக் கீழே இறக்கிவிட்டு, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். உள்ளே அலமாரி கிறீச்சிட்டது எங்களுக்குக் கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் பொறுப்பாளர் அம்மாள் போன் செய்தார். சாப்பிட்டாளாம், இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாளாம். அந்த வாரம் என் தங்கை தூங்கிய தூக்கத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாள் டாக்டரைக் கூப்பிடலாமா என்று என்னைக் கேட்டாள். தினமும் காலையில் மேனேஜர் வாசலுக்குப் போய் "பெட்ஷீட்?" என்று கேட்பாளாம். இன்னைக்கு இல்லை என்றால் பேசாமல் திரும்பிவிடுவாளாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாத்தியார் வீட்டை மாற்றிக் கொடுக்க முன்பே ஒப்புக்கொண்டிருந்தோம். அதற்காக? வாத்தியார் வீட்டுக் கட்டில், பீரோ, பூந்தொட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நேரே இல்லத்துக்கு வண்டியை விட்டோம். தங்கை புதுப் புடவை கட்டியிருந்தாள். வழி முழுக்க "வாசல்லயே உட்கார்ந்திருப்பாளோக்கா, காலையிலேர்ந்து உட்கார்ந்திருப்பாளோ" என்று என் பிராணனை வாங்கினாள்.

போய் இறங்கினோம். வாசலில் யாரும் இல்லை.

தங்கை முகம் ஒரு நொடி மாறியது. அப்புறம் தோட்டத்துப் பக்கமிருந்து சத்தம் வந்தது. மேனேஜர் சிட்டுவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கல் பாதையில் ஒரு கோடு பிசகாமல் வந்துகொண்டிருந்தாள். சிட்டு கைதட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மேனேஜர் நின்று, மூவரையும் தொட்டுப் பார்த்தாள். "வந்துட்டீங்க. சரி," என்றாள். அம்மாவின் புடவைக் கொசுவத்தில் ஒரு மடிப்பைச் சரிசெய்தாள்.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் போன். "எங்கம்மா இருக்கீங்க? என் கட்டில் எங்க?"

"இதோ, வந்து..." என்று வாயைத் திறந்தவள், மேனேஜர் என்னையே பார்ப்பதைப் பார்த்தேன். "சார், உங்க கட்டில் ஒரு பிள்ளைங்க இல்லத்து வாசல்ல நிக்குது. நாங்க இன்னும் கிளம்பலை. கொஞ்ச நேரம் ஆகும்."

வாத்தியார் சிரித்துவிட்டார். அப்புறம், "நிஜத்தைச் சொன்ன லாரிக்காரங்களை இப்பத்தாம்மா பார்க்கறேன். மெதுவா வாங்க," என்றார்.

மேனேஜர் மறுபடி சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். இரண்டடி தள்ளிவிட்டு நின்றாள். திரும்பினாள்.

"அம்மா. வரேன்," என்றாள்.

தள்ளிக்கொண்டு போய்விட்டாள். கட்டிடத்தைச் சுற்றித் திரும்பி, கண்ணுக்கு மறைந்தாள்.

தங்கை போய் வெளிவாசல் படியில் உட்கார்ந்தாள், அவள் பிள்ளை உட்கார்ந்த அதே இடத்தில். பொறுப்பாளர் அம்மாள் டீ கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"உள்ள வந்து உட்காரேண்டி, வெயில் அடிக்குது," என்றேன்.

"இரு. வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரும் வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தார். மூவரும் கட்டிடத்தின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சக்கரச் சத்தம் கேட்டது. அப்புறம் சிட்டுவின் கைதட்டல்.

மேனேஜர் வந்தாள்.